வீட்டு மரத்தை அகற்றுமுன்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியமும் இசையும் முழங்கிய இம்மேடையில் மரம் வெட்டுவதைப் பற்றிப் பேச ஒருவன் வந்திருக்கின்றானே என்று சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், தில்லியில் மனை வாங்கி வீடு கட்டிய நம்மவர்கள் அந்நாளில் ஆசையோடு ஊன்றிய வேம்பும் நாவலும் இன்று மாடிக்கு மேல் ஓங்கி நிற்கின்றன. வைத்தவர்களுள் சிலர் இன்று இல்லை, மரம் இருக்கின்றது. கோடை மாலைகளில் ஆந்தி வீசும்போது, கிளை சுவரில் உராயும் ஓசையைக் கேட்டு உறங்காமல் கிடக்கும் குடும்பங்களை நான் அறிவேன். 2022 ஆம் ஆண்டு மே 30 ஆம் நாள் வீசிய சூறைக்காற்றில் இந்நகரில் நூற்றுக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. ஜாமா மசூதியின் நடுக் குவிமாடத்து உச்சிக் கலசமும் முறிந்தது. ஆதலின் அவர்களுடைய அச்சத்தை வீண் அச்சம் என்று தள்ளுவதற்கில்லை.

எனினும், அச்சம் ஒன்றே மரத்தை வீழ்த்தப் போதிய காரணம் ஆகாது. வளரும்போதே சாய்ந்து வளர்ந்த மரம் வேறு. நிமிர்ந்து நின்று புதிதாகச் சாய்ந்த மரம் வேறு. முன்னது பல்லாண்டு நிற்கும். பின்னதன் அடியில், சாய்வுக்கு எதிர்ப்புறத்தில் மண் வெடித்தோ மேலெழும்பியோ இருக்குமாயின், அதனை உடனே தக்கவரைக் கொண்டு சோதிக்க வேண்டும். அடிமரத்தில் காளான் பூத்திருப்பதும் நல்ல குறி அன்று. பொந்து இருப்பதனாலேயே மரம் கெட்டது என்றும் சொல்லிவிட இயலாது. சுற்றியுள்ள நல்ல கட்டையின் தடிப்பு, மரத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கேனும் இருந்தால் அது பெரும்பாலும் தாங்கும் என்பது மர வல்லுநர் கையாளும் ஒரு பொதுக் கணக்கு.

பல வீடுகளில் மரத்தைக் கெடுத்தது நாம் பூசிய சிமெண்டே. கார் நிறுத்த இடம் வேண்டி அடிமரம் வரை தளம் போட்டுவிடுகின்றோம். வேர் நீரும் காற்றும் இன்றித் தவிக்கின்றது. 2013 ஆம் ஆண்டிலேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், தில்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமெண்டுத் தளத்தை அகற்றுமாறு ஆணையிட்டது. தளத்தைப் பெயர்த்து, பட்ட கிளைகளை முறையாகக் கழித்தால் பிழைக்கக்கூடிய மரங்கள் பல உண்டு. உச்சியை மொட்டை அடிப்பது மட்டும் கூடாது. வெட்டிய இடத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகளுக்குப் பிடிப்புக் குறைவு. சில ஆண்டுகளில் அவையே காற்றில் முறிந்து விழும்.

இன்னொன்று. வேப்பம்பூவை உலர்த்தி வைத்து ஆண்டு முழுதும் ரசம் வைக்கும் வீட்டில் மரம் வெறும் கட்டை அன்று. ஆடவர் மட்டும் கூடத்தில் அமர்ந்து முடிவு கட்டிவிட்டு, மறுநாள் காலை ரம்பத்தோடு ஆள் வந்து நிற்பது முறை அன்று. வீட்டுப் பெண்டிரையும் முதியோரையும் கலந்தே முடிவு செய்ய வேண்டும்.

அகற்றத்தான் வேண்டும் என்று முடிவானால், மரம் நம் மனையில் நிற்பதனாலேயே அதனை வெட்டும் உரிமை நமக்கு வந்துவிடாது. 1994 ஆம் ஆண்டின் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, தரையிலிருந்து 30 செண்டிமீட்டர் உயரத்தில் 5 செண்டிமீட்டர் குறுக்களவும், ஒரு மீட்டர் உயரமும் உடையதெல்லாம் மரமே. நில உரிமைச் சான்று, மரத்தின் இனம், சுற்றளவு, வெட்டுவதற்கான காரணம் ஆகியவற்றோடு மர அதிகாரிக்கு விண்ணப்பிக்க வேண்டும். முடிவு கூற அச்சட்டம் அவருக்கு 60 நாள் தந்துள்ளது. உயிருக்கோ உடைமைக்கோ பேராபத்து உடனே நேரும் நிலையில் மட்டும் முதலில் வெட்டிவிட்டு 24 மணி நேரத்துக்குள் அறிவிக்கலாம் என்றும் அது கூறுகின்றது. நீதிமன்ற ஆணைகளால் நடைமுறை அவ்வப்போது மாறி வந்திருப்பதனால், கிளை கழிப்பதாயினும் அலுவலகத்தில் முன்னரே விசாரித்துக்கொள்வது நலம். இரவோடிரவாக அடிப்பட்டையை உரித்துவிட்டு, "மரம் தானே பட்டுப்போயிற்று" என்று சொல்லும் உபாயமும் சட்டத்தின் கண்ணில் குற்றமே. மரத்தைச் சேதப்படுத்துவதும் வெட்டுவதாகவே கொள்ளப்படும்.

காலத்தையும் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். மழை ஓய்ந்த ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் இவ்வேலைக்கு ஏற்றவை. ஆந்தியும் இல்லை, மண்ணும் சேறாக இராது. பொந்துகளில் கிளி குஞ்சு பொரிப்பது மாசி, பங்குனியில். ஆதலின் ஆடியிலேயே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.

இனி, நான் முதன்மையாகச் சொல்ல வந்த செய்திக்கு வருகின்றேன். அது மரம் ஏறுகின்ற மனிதனைப் பற்றியது.

நாற்பது அடி மரத்தை முழுதாகச் சாய்க்க, விழும் திசையில் அறுபது அடியேனும் வெறும் வெளி வேண்டும். நம் மனைகளில் இருபது அடியும் இல்லை. ஆகவே உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து, வடம் கட்டி இறக்குவது ஒன்றே வழி. பார்சல் ஆபீசில் எடை பார்த்துப் பழகியவன் என்ற முறையில் ஒரு கணக்குச் சொல்கின்றேன். 40 செண்டிமீட்டர் குறுக்களவும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள பச்சைக் கட்டையின் எடை ஏறத்தாழ 100 கிலோ. அது மேலிருந்து விழுந்தால் கீழே என்ன இருந்தாலும் மிஞ்சாது. வடத்தில் தொங்கி ஊசலாடினால் ஏறியவனையே மோதும். கிளையை அறுக்கையில் முதலில் அடிப்பக்கம் சிறிது அறுத்து, பின்னரே சற்று வெளியே தள்ளி மேலிருந்து அறுக்க வேண்டும். இல்லையேல் பட்டை கிழிந்து கிளை தன் போக்கில் தொங்கும். பச்சைக் கிளை மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே கம்பி அருகில் இருந்தால் மின் நிறுவனத்தாரைக் கொண்டு இணைப்பை நிறுத்தாமல் ஏறவே கூடாது. ரயில்வேயில் பிளாக் வாங்காமல் தண்டவாளத்தில் எவரும் கை வைப்பதில்லை. அதே கண்டிப்பு இங்கும் வேண்டும்.

இவ்வளவும் அறிந்த ஆள் கூடுதல் கூலி கேட்பான். நாமோ ஐந்நூறு ரூபாய்க்கு அரை மணி நேரம் வாதாடுகின்றோம். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் நடந்ததைக் கண்ணாரக் கண்டேன். குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்ட ஒப்பந்தக்காரர், பீகாரிலிருந்து வந்த ஓர் இளைஞனை அனுப்பினார். காலில் ரப்பர்ச் செருப்பு. இடையில் ஒரு பழங்கயிறு. அந்தக் கயிற்றின் மறுமுனையைத் தான் அறுக்கும் கிளையிலேயே கட்டியிருந்தான். கிளை முறிந்தபோது அவனையும் இழுத்துக்கொண்டு வந்தது. தொடை எலும்பு முறிந்து அவன் கிடக்க, வீட்டுக்காரர் ஒப்பந்தக்காரரைக் காட்டினார். ஒப்பந்தக்காரர் தொலைபேசியை அணைத்துவிட்டார். உடன் வேலை செய்தவர்களே அவனை ஆட்டோவில் ஏற்றிச் சென்றனர். அவன் ஊரில் யார் யார் அவன் அனுப்பும் பணத்துக்குக் காத்திருந்தனரோ! பிழைப்பு நாடி ஊர் விட்டு வந்த நமக்கு அந்த நிலை புரியாத ஒன்று அன்று.

ஆதலின் ஆளை அமர்த்தும்போது கூலியைக் கேட்குமுன் வேறு சிலவற்றைக் கேளுங்கள். இடுப்பிலும் தொடையிலும் பூட்டும் பாதுகாப்புப் பட்டை உண்டா? தலைக்கவசம் உண்டா? வடத்தைத் தரையில் நின்று பிடிக்க எத்தனை பேர் வருவர்? விபத்து நேர்ந்தால் மருத்துவச் செலவு யாருடையது? இந்தக் கடைசிக் கேள்விக்கு விடையைத் தாளில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். காற்று எழுந்தால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். அன்றே முடிக்க வேண்டும் என்று நெருக்காதீர்கள். அண்டை வீட்டாருக்கு முதல்நாளே சொல்லி, வண்டிகளை அப்புறப்படுத்தி, சிறுவரை உள்ளே இருத்துங்கள். ஏறியவனுக்கு வேளைக்குத் தண்ணீரும் தேநீரும் கொடுக்க நம் இல்லத்தரசியர்க்கு நான் சொல்லித்தர வேண்டுவதில்லை.

அடிக்கட்டையைச் சுவர் ஓரமாக அப்படியே விடலாகாது. அது மட்கும்போது கரையான் சேரும். உப்பும் பெட்ரோலும் ஊற்றினால் மண்தான் கெடும். தோண்டி எடுத்து, குழியை மண்ணிட்டு இறுகக் கெட்டித்து, ஒரு மழைக்காலம் படியவிட்ட பிறகே அதன்மேல் எதையும் கட்டலாம்.

வெட்டிய மரத்துக்கு ஈடாக நடுவதும் சட்டப்படி நம் கடமை. எங்கே, எத்தனை நடுவது என்பதை அனுமதி ஆணையைப் பார்த்து அறிந்துகொள்க. அது நீங்கலாக, வீட்டுச் சுவரோரத்துக்கு எலுமிச்சை, மாதுளை, கறிவேப்பிலை போன்ற சிறுமரங்களே ஏற்றவை. தில்லிக் குளிரில் கறிவேப்பிலை இலை உதிர்த்துவிடும். பட்டுப்போயிற்று என்று பிடுங்கிவிடாதீர்கள், பங்குனியில் துளிர்க்கும். வேப்பங்கட்டையை விறகாக்காமல் பலகையாக அறுத்துச் சில மாதம் நிழலில் உலர்த்தினால், கரையான் எளிதில் அணுகாத நல்ல பெட்டி ஒன்று செய்துகொள்ளலாம்.