எச்.ஐ.வி.யும் இரத்தக் குழாய்களும்



உங்களில் சிலர் எங்களிடம் நேரடியாகவே கேட்டீர்கள்: "எச்.ஐ.வி. நோயாளிகளுக்கென்று நாங்கள் கொடுத்த காணிக்கையில் இரத்த அழுத்தக் கருவியும் கொழுப்புப் பரிசோதனையும் எதற்கு?" நியாயமான கேள்வி.

1986-ல் சென்னையில் எடுத்த இரத்த மாதிரிகளை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோதுதான் இந்தியாவில் இந்தக் கிருமி இருப்பது தெரியவந்தது. அதன்பின் பல ஆண்டுகள் படுக்கையும் கஞ்சியும் ஜெபமும் தவிர எங்களால் கொடுக்க முடிந்தது கொஞ்சமே. 2004 ஏப்ரலில் அரசு கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. அன்று முப்பது வயதாயிருந்தவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டி, பேரப்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்! ஆனால் அவர்களில் சிலரை மாரடைப்போடும் பக்கவாதத்தோடும் பார்க்கிறோம்.

இரத்தக் குழாயின் உட்புறத்தில் மெல்லிய படலம் ஒன்று உண்டு. குழாய் விரிந்து சுருங்கவும், இரத்தம் உறையாமல் ஓடவும் அதுவே உதவுகிறது. மருந்தினால் கிருமி பரிசோதனையில் அகப்படாத அளவுக்கு அடங்கினாலும், உடலின் எதிர்ப்புச் சக்தி முழுவதும் ஓய்வதில்லை. சாம்பலுக்குள் தணல் இருப்பதுபோல ஓர் அழற்சி உள்ளே இருந்துகொண்டே இருக்கிறது. தொற்றின் ஆரம்பத்திலேயே குடற்சுவர் பழுதுபடுவதால், குடலிலுள்ள நுண்ணுயிர்க் கழிவுகள் இரத்தத்தில் கசிந்து அந்தத் தணலை ஊதிவிடுகின்றன. படலம் கெடுகிறது, கொழுப்பு படிகிறது, பிறகு இரத்தக் கட்டி. மற்றவர்களைவிட இவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. பீடியும் சர்க்கரையும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

மருந்துதான் இதயத்தைக் கெடுக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டு, நன்றாயிருந்த ஒரு தாய் மாத்திரையை நிறுத்திவிட்டார். பழைய மருந்துகள் சில இரத்தக் கொழுப்பைக் கூட்டியது உண்மை. அதை நாங்கள் மறைப்பதில்லை. ஆனால் 2006-ல் வெளியான 'ஸ்மார்ட்' ஆய்வு ஏறக்குறைய 5,500 பேரைக் கவனித்தது. மருந்தை விட்டுவிட்டு எடுத்தவர்களுக்கே இதயநோயும் மரணமும் அதிகமாயிருந்தன. எங்கள் ஊழியர் நான்கு முறை வீட்டுக்குப் போய்ப் பேசிய பிறகே அந்தத் தாய் மறுபடியும் மருந்தைத் தொடங்கினார். அந்தப் பயணங்களின் பஸ் கட்டணமும் உங்கள் காணிக்கைதான்.

2023-ல் இன்னொரு நல்ல செய்தி. இந்தியா உட்பட 12 நாடுகளில் 7,769 பேரிடம் நடந்த 'ரிப்ரீவ்' ஆய்வில், தினமும் ஒரு பிடாவாஸ்டாடின் மாத்திரை எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைந்தன. எல்லாக் கொழுப்பு மாத்திரையும் எல்லா எச்.ஐ.வி. மருந்தோடும் ஒத்துப்போகாது. ஆகவே கடையில் தானாக வாங்கிச் சாப்பிட வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புகிறோம்.

இன்னொரு பாரமும் உண்டு. நெஞ்சுவலி வந்தாலும், தொற்றைச் சொன்னால் ஒதுக்குவார்களோ என்று பயந்து வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். 2017-ம் ஆண்டுச் சட்டம் அவ்விதம் ஒதுக்குவதைத் தடைசெய்கிறது, பயம் போகவில்லை. இப்படிப்பட்டவர்களோடு மருத்துவமனைக்குத் துணைபோக உங்கள் சபையில் மனமுள்ள இருவர் முன்வருவார்களானால், எங்களுக்கு எழுதுங்கள். இவர்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.