பாணுக்குள் இருக்கும் மதுவம்

(பழைய மாணவிகள் சங்கப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நாங்கள் உயர்தரம் படித்த காலத்தில் மதுவம் என்றால் வெல்லத்தை அற்ககோலாக்கும் ஒரு பங்கசு, அவ்வளவுதான். வீட்டில் அது அப்பமாவுக்கு விடும் கள்ளுக்குள் இருந்தது. சீனக்குடாவில் கப்பலால் இறங்கும் கோதுமை மாவாகி, பேக்கரியில் பாணாகப் பொங்குவதும் மதுவத்தால்தான். அது தன் சாப்பாட்டுக் கணக்கை எப்படிப் பார்க்கிறது என்பதையே இன்று சொல்ல வந்தோம்.

புரதம் கட்ட 20 அமினோ அமிலங்கள் வேண்டும். மதுவம் இருபதையும் தானே செய்யும். வெளியே கிடைக்கும்போது, அவற்றைச் செய்யும் நொதியங்களைக் குறைத்தே வைத்திருக்கும். ஹிஸ்ரிடீன் ஒன்று மட்டும் தட்டுப்பட்டால்? ஹிஸ்ரிடீனுக்கான நொதியங்கள் மட்டும் கூடும் என்றுதான் நாங்கள் நினைப்போம். ஆனால் மற்ற அமினோ அமிலங்களுக்கானவையும் சேர்ந்தே கூடுகின்றன.

அவற்றைத் தூண்டிவிடுவது ஜி.சி.என்.4 என்னும் புரதம். அதைச் செய்வதற்கான தூது ஆர்.என்.ஏ. கலத்தில் எப்போதும் உண்டு. ஆனால் உண்மையான தொடக்கத்துக்கு முன்னால் நான்கு சிறிய பொய்த் தொடக்கங்கள் இருக்கின்றன. முதலாவதைத் தாண்டிய றைபோசோம் மறுபடி வாசிக்க ஒரு தொடக்கிக் கூட்டைப் பிடிக்க வேண்டும். நல்ல காலத்தில் அது உடனே கிடைக்கும்; றைபோசோம் அடுத்த பொய்த் தொடக்கத்தில் வாசித்து விழுந்துவிடும். பஞ்சம் வந்தால், அமினோ அமிலம் ஏற்றாத வெறும் சுமப்பு ஆர்.என்.ஏ. குவிகிறது. ஜி.சி.என்.2 என்ற நொதியம் அதை உணர்ந்து தொடக்கிக் கூட்டைக் குறைக்கிறது. கிடைக்கத் தாமதமாவதால் றைபோசோம் பொய்த் தொடக்கங்களைக் கடந்து உண்மையான இடத்துக்கே போய்ச் சேர்கிறது. மற்றப் புரதங்களின் உற்பத்தி குறைய, இது மட்டும் கூடுகிறது! எங்களுக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். 2022 இல் வீட்டுச் செலவைச் சுருக்கிய அம்மாமாருக்கு இதைக் கூடுதலாக விளக்கத் தேவையில்லை.

இந்தப் பொறிமுறையை அவிழ்த்ததில் அமெரிக்காவின் அலன் ஹின்னபுஷ் குழுவுக்குப் பெரும் பங்குண்டு. அவருடன் சேர்ந்து புதுடில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் 2001 இல் வெளியிட்ட ஆய்வு, ஜி.சி.என்.4 குறைந்தது 539 பரம்பரையலகுகளின் முழுத் தூண்டலுக்குத் தேவை என்று காட்டியது. தங்கைமார் இந்தப் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜி.சி.என்.2 எங்கள் உடலிலும் உண்டு. பற்றாக்குறையை அதுவும் உணரும். ஆனால் எங்களால் 9 அமினோ அமிலங்களைச் செய்ய முடியாது. அவற்றுள் லைசீன் ஒன்று. எங்கள் தேவையோடு ஒப்பிடும்போது கோதுமையில் மிகக் குறைவாக இருப்பதும் அதுதான். பாணைப் பொங்க வைத்த மதுவம் தனக்கு வேண்டிய லைசீனைச் செய்துகொள்ளும். அந்தப் பாணைச் சம்பலோடு மட்டும் சாப்பிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளையால் அது முடியாது. பருப்பு அதை நிரப்பும். எங்கள் கடலின் நெத்தலியும் நிரப்பும். விலை கூடும்போது வீட்டில் முதலில் நிற்பது இவை இரண்டுமே. சங்கத்தின் காலை உணவுத் திட்டத்தைப் பற்றி அடுத்துப் பேசப் போகிறோம்; பாணோடு பருப்பையும் பட்டியலில் சேர்க்கும்படி இப்போதே கேட்டுக்கொள்கிறோம்.