ஒப்பரேஷனுக்கு முன் குளிசையை நிறுத்துவதா?

தாய்மார்களே, ஒப்பரேஷனுக்குத் திகதி கிடைத்ததும் "குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையை நிப்பாட்டணுமா?" என்று எங்களிடம் கேட்கிறீர்கள். மித்துரி போன்ற குளிசையில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. 3 மாத ஊசியில் அது இல்லை. பெரிய ஒப்பரேஷன் முடிந்து நாட்கணக்கில் படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் கட்டலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஈஸ்ட்ரோஜன் அதைக் கூட்டும். அதனால்தான் 4 கிழமைக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். உடனே எழுந்து நடக்கிற சின்ன ஒப்பரேஷனுக்குப் பொதுவாக நிறுத்தத் தேவையில்லை.

ஆனால் நீங்களாக நிறுத்த வேண்டாம். மாமியார் பக்கத்தில் நிற்கிறாரே என்று கிளினிக்கில் வாய்மூடி இருப்பதும் நமக்குத் தெரியும்! தனியாகப் பேசக் கேளுங்கள், குளிசை அட்டையை டொக்டரிடம் காட்டுங்கள். நிறுத்தச் சொன்னால் ஆணுறை பாவியுங்கள். அந்த மாதமே பிள்ளை தங்கலாம். அவசர ஒப்பரேஷன் என்றாலும் சொல்லிவிடுங்கள், இரத்தம் கட்டாமலிருக்க ஊசி போடலாம்.