பைலட் சுடர் எதைக் காக்கும், எதைக் காக்காது

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் படிக்க வேண்டும் என்று செயலாளர் கேட்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



மழை ஓய்ந்ததும் குளிர் இறங்கிவிடும். இனி தை முடியும் வரை கூக்காலில் சாயங்காலம் ஐந்து மணிக்கே ஜன்னலைச் சாத்திவிடுவோம். முன்பெல்லாம் சீகை விறகை எரியவிட்டு, வீடே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். புகை கண்ணைக் கரிக்கும். அதனாலேயே யாராவது எழுந்து கதவைத் திறந்துவிடுவார்கள். இப்போது பல வீடுகளில் கேஸ் ஹீட்டர் வந்துவிட்டது, குளியலறைக்கு கேஸ் கீசர் வந்துவிட்டது. ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் அறைக்கு ஒரு ஹீட்டர் வைக்கிறார்கள். கரண்ட் நினைத்தபோது போகிற ஊரில் இதைக் குறை சொல்ல மாட்டேன்.

நான் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். படித்தது பி.காம். இன்ஜினீயர் இல்லை. ஆனால் ஹீட்டர் வாங்கப் போனால் கடைக்காரர் தவறாமல் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: “இதுல ஆட்டோமேட்டிக் இருக்கு சார், பயமே வேண்டாம், தானா கட் ஆயிடும்.” அது பொய் இல்லை. ஆனால் பாதிதான். அந்த வாக்கியத்தைத்தான் இன்று பிரித்துப் பார்க்கப் போகிறேன்.

அடுப்பிலிருந்து தொடங்கலாம். பால் பொங்கி வழிந்து பர்னர் அணைந்துவிடுகிறது. தீ போய்விட்டது, கேஸ் நிற்கவில்லை. நம் வீடுகளில் இருக்கும் பெரும்பாலான அடுப்புகளில் இதைத் தடுக்க எதுவும் கிடையாது. நம்மைக் காப்பாற்றுவது மூக்குதான். எல்.பி.ஜி.க்கு இயல்பாக வாடை இல்லை. கசிந்தால் தெரிய வேண்டும் என்றே மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். சமையலறையில் ஆள் இருப்பதால் ஓடிவந்து மூடுகிறோம். படுக்கையறை ஹீட்டர் ராத்திரி இரண்டு மணிக்கு அணைந்தால் ஓடிவர யார் இருக்கிறார்கள்? அந்த ஆளுக்குப் பதிலாகச் செய்யப்பட்டதுதான் இந்த ஆட்டோமேட்டிக்.

இது முதலில் வேண்டியிருந்தது குளிர் நாடுகளில். அங்கே வீட்டின் அடித்தளத்தில் ஒரு கேஸ் உலை இருக்கும். அது சூடாக்கும் காற்று குழாய் வழியே எல்லா அறைக்கும் போகும். அறை சூடானதும் உலை நிற்கும், ஆறினதும் மறுபடி பற்றிக்கொள்ளும், ஒரு நாளில் எத்தனையோ முறை. ஒவ்வொரு முறையும் தீக்குச்சி கிழிக்க ஆள் போக முடியாது. அதனால் பெரிய பர்னருக்குப் பக்கத்தில் விரல் நகம் அளவுக்கு ஒரு சின்னச் சுடரை எப்போதும் எரியவிட்டார்கள். அதுதான் பைலட். பெரிய பர்னருக்குக் கேஸ் வந்ததும் பைலட்டிலிருந்து பற்றிக்கொள்ளும். அந்தச் சின்னச் சுடர் காற்றில் அணைந்திருந்து, பெரிய வால்வு மட்டும் திறந்துகொண்டால் வீடே வெடிக்கும். ஆகவே பைலட்டைக் கண்காணிக்க ஒரு காவல்காரன் தேவைப்பட்டான்.

அந்தக் காவல்காரன் பெயர் தெர்மோகப்பிள். இரண்டு வேறு உலோகங்களை முனையில் இணைத்து, அந்த முனையை மட்டும் சூடாக்கினால் சிறிதளவு மின்சாரம் உண்டாகும். இதை 1821இல் கண்டவர் சீபெக் என்ற ஜெர்மன் விஞ்ஞானி. பைலட் சுடர் அந்த முனையை நக்கிக்கொண்டே இருக்கும். கிடைப்பது சுமார் 20, 30 மில்லிவோல்ட். டார்ச் செல் ஒன்று 1,500 மில்லிவோல்ட் என்றால் இது எவ்வளவு அற்பம் பாருங்கள். ஆனால் அதுவே ஒரு சின்ன மின்காந்தத்துக்குப் போதும். அந்தக் காந்தம் கேஸ் வால்வைத் திறந்த நிலையில் பிடித்துக்கொள்ளும். சுடர் அணைந்தால் முனை ஆறும், மின்சாரம் போகும், காந்தம் விட்டுவிடும், ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். எல்லாம் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்குள். வெளியிலிருந்து கரண்டே வேண்டாம்.

அந்தக் காந்தத்துக்கு வால்வைத் திறக்கிற பலம் கிடையாது, திறந்ததைப் பிடித்து வைக்கிற பலம் மட்டுமே. அதனால்தான் ஹீட்டரைப் பற்றவைக்கும்போது குமிழை 20, 30 வினாடி அழுத்திப் பிடித்திருக்கச் சொல்கிறார்கள். முனை சூடாகும் வரை உங்கள் கைதான் வால்வைத் திறந்து வைத்திருக்கிறது. வங்கியில் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் கையில் இருக்கும். ஒருவர் மட்டும் வந்தால் கதவு திறக்காது. இதுவும் அப்படித்தான். ஒரு சாவி உங்கள் கையில், மற்றது சுடரின் கையில்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், இது கெட்டுப்போகிற விதம். முனையில் கரி படிந்தாலோ கம்பி அறுந்தாலோ மின்சாரம் வராது, வால்வு மூடிக்கொள்ளும். அதாவது கெட்டால் பாதுகாப்பான பக்கமாகக் கெடும். அதை ஏமாற்ற வேண்டுமென்றால் மனிதன்தான் முயல வேண்டும். முயல்கிறார்களே! ஒரு தங்கும் இடத்தில், கையை எடுத்தால் ஹீட்டர் அணைகிறது என்று, குமிழை அழுத்தியபடி ஒரு மரக்குச்சியைச் செருகி வைத்திருந்ததைக் கண்ணால் பார்த்தேன். தெர்மோகப்பிள் ஒரு சாதாரண உதிரிபாகம், மாற்றிவிடலாம். குச்சி செருகிய ஹீட்டரில் காவல்காரனே இல்லை.

கணக்குப் பிள்ளை புத்தி போகுமா? பைலட்டின் செலவையும் போட்டுப் பார்த்தேன். பழைய அமெரிக்க உலைகளின் பைலட் மணிக்கு 600 முதல் 1,000 பி.டி.யு. வரை எரிக்கும். எல்.பி.ஜி.யில் அது மணிக்கு 14 முதல் 23 கிராம். நாள் முழுக்க எரிந்தால் 330 முதல் 550 கிராம். நம் 14.2 கிலோ சிலிண்டர், யாரும் குளிர் காயாமலே, ஒரு மாதம் ஒன்றரை மாதத்தில் தீர்ந்துவிடும். அதனால்தான் வெளிநாடுகளில் எப்போதும் எரியும் பைலட்டை ஒதுக்கி, வேண்டும்போது மட்டும் பொறி தட்டும் முறைக்கு மாறினார்கள். அமெரிக்காவில் கரண்ட் ஒயருடன் வரும் புதிய கேஸ் அடுப்புகளில் 1990 ஜனவரி முதல் அப்படிப்பட்ட பைலட்டுக்குத் தடையே உண்டு. நம் ஊர் ஹீட்டரில் அந்தக் கவலை இல்லை. ஹீட்டரை அணைத்தால் பைலட்டும் அணைந்துவிடும்.

இனி நம் மலை விஷயம். விடியற்காலையில் சுடர் தணிந்து தணிந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். சிலிண்டருக்குள் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். பியூட்டேன் கிட்டத்தட்ட பூஜ்யம் டிகிரியில் ஆவியாவதை நிறுத்திவிடும். உறைபனி விழும் காலையில் வெளியே இருக்கும் சிலிண்டர், அதிலும் தீரப்போகிற சிலிண்டர், போதிய அழுத்தம் தராது. பைலட் துடிக்கும், தெர்மோகப்பிள் மூடும். அது கோளாறு இல்லை, வேலை செய்கிறது. அதற்காகச் சிலிண்டர் மேல் வெந்நீர் ஊற்றுவதும் பக்கத்தில் நெருப்பு மூட்டுவதும் வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது, காற்று. நாம் ஆறாயிரம் அடிக்கு மேல் இருக்கிறோம். சமவெளியை விட இங்கே காற்று ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு. மதுரையில் நீலமாக எரியும் பர்னர் இங்கே மஞ்சள் நுனியோடு எரியக் காரணம் அதுதான். அமெரிக்காவில் 2,000 அடிக்கு மேல் கேஸ் கருவி பொருத்தினால், உயரத்தில் ஒவ்வொரு 1,000 அடிக்கும் 4 சதவீதம் வீதம் கேஸைக் குறைத்துப் பொருத்துவது வழக்கம். இங்கே சமவெளியிலிருந்து வாங்கிவந்ததை அப்படியே மாட்டிவிடுகிறோம். காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மெர்காப்டன் நாற்றம் எரியாத கேஸுக்குத்தான். எரிந்த புகைக்கு அல்ல. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை இது ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும்.

கடைக்காரர் சொல்லாத பாதி இதுதான். தெர்மோகப்பிள் பார்ப்பது தீ இருக்கிறதா என்று மட்டுமே. அறையில் காற்று இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. சுடர் எரிந்துகொண்டே இருக்கும், காவல்காரன் திருப்தியாக இருப்பான், உள்ளே தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள்.

2020 ஜனவரி 21 அன்று நேபாளத்தில் டமன் என்ற மலையூரில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். கேரளத்திலிருந்து சுற்றுலா போனவர்களில் எட்டு பேர், அதில் நான்கு குழந்தைகள், குளிருக்காக கேஸ் ஹீட்டர் வைத்து ஒரே அறையில் படுத்தார்கள். கதவு ஜன்னல் எல்லாம் உள்ளிருந்து பூட்டியிருந்தது. காலையில் மயங்கிய நிலையில் கண்டெடுத்து, ஹெலிகாப்டரில் காட்மாண்டுக்குக் கொண்டுபோயும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. நம் பக்கத்திலேயே 2024 ஆகஸ்டில், கொடைக்கானல் சின்னப்பள்ளத்தில் தங்கியிருந்த இளைஞர்கள் இருவர், கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கி இறந்துபோனார்கள். அது கேஸ் இல்லை, கரி. ஆனால் அடைத்த அறையில் நடக்கிற வேலை ஒன்றுதான்.

சில ஹீட்டர்களில் இதற்கும் ஒரு ஏற்பாடு உண்டு. அறையில் ஆக்சிஜன் வழக்கமான 21 சதவீதத்திலிருந்து 18 சதவீதம் அளவுக்கு இறங்கினால், அவற்றின் பைலட் சுடர் தெர்மோகப்பிளை விட்டு விலகி எழும்பும்படி அமைத்திருப்பார்கள். முனை ஆறி, கேஸ் நிற்கும். நல்ல யோசனைதான். வாங்கும்போது இந்த ஆக்சிஜன் குறைவுப் பாதுகாப்பு இருக்கிறதா என்று கேட்டு, பில்லிலும் எழுதி வாங்குங்கள். ஆனால் அது அளப்பது ஆக்சிஜனை, கார்பன் மோனாக்சைடை அல்ல. மலையுயரத்தில் அது காரணமில்லாமலும் அணைக்கலாம். 7,000 அடிக்கு மேல் அப்படி ஆகும் என்று சில தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். அணைகிறதே என்று எரிச்சலில் குச்சி செருகும் கதை தொடங்குவதும் அங்கேதான்.

கீசருக்கு வருகிறேன். எனக்கு ஹீட்டரை விட இதில்தான் பயம் அதிகம். நிமிடத்துக்கு ஆறு லிட்டர் தரும் சின்ன கேஸ் கீசரில் பைலட் கிடையாது. தண்ணீர் ஓடினால் கேஸ் திறக்கும், இரண்டு பேட்டரி பொறி தட்டும், ஒரு சின்னக் கம்பி சுடர் இருக்கிறதா என்று பார்க்கும். இதுவும் தீயை மட்டுமே பார்க்கும் காவல்காரன். முழு வேகத்தில் அது மணிக்கு சுமார் ஒரு கிலோ கேஸ் எரிக்கும். பத்து நிமிடக் குளியலுக்கு 160 கிராம். அதை எரிக்க நம் மலைக்காற்று இரண்டரை கன மீட்டர் வேண்டும். ஐந்துக்கு ஆறு அடி, எட்டடி உயரக் குளியலறையில் மொத்தக் காற்றே ஏழு கன மீட்டருக்குள்தான். ஒருவர் குளிப்பதற்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று. ஜன்னலைச் சாத்தியிருந்தால், அடுத்தவர் குளிக்கப் போகும்போது என்ன மிச்சம் என்று நீங்களே கழித்துக்கொள்ளுங்கள். இந்தக் கீசருக்கு ஐ.எஸ். 15558 என்று இந்தியத் தர எண் இருக்கிறது. அந்த முத்திரை உள்ளதை வாங்குங்கள். முத்திரை இருந்தாலும் இடம் குளியலறைக்கு வெளியே, திறந்த சுவரில். குழாயில் வெந்நீர் மட்டும் உள்ளே வரட்டும்.

ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. (சிவப்பு சிலிண்டரை விருந்தினர் அறைக்குக் கொடுப்பது பற்றி இன்று பேசவில்லை, அது தனிக் கூட்டம்.) கார்பன் மோனாக்சைடின் முதல் அறிகுறி தலைவலி, தலைசுற்றல், வாந்தி. நம் விருந்தினர்கள் அதைக் கொண்டை ஊசி வளைவின் கணக்கில் எழுதிவிடுவார்கள். ஒரே அறையில் இருவர் மூவருக்குச் சேர்ந்து தலைவலித்தால் பயணத்தைக் குறை சொல்லாதீர்கள். அவர்களை வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள், பிறகு 108. பூம்பாறை வழியாகக் கொடைக்கானல் ஆஸ்பத்திரி சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தூங்கும் அறையில் ஹீட்டரை விடிய விடிய எரியவிடும் வசதியை நாம் தரவே கூடாது என்பது என் கருத்து. படுக்கும் முன் அறையைச் சூடாக்கி, அணைத்துவிட்டு, கம்பளி கொடுங்கள்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் என்று பேட்டரியில் ஓடும் சின்னப் பெட்டி கிடைக்கிறது. கேஸ் கசிவு அலாரம் என்பது வேறு, அது எல்.பி.ஜி.க்கு. எல்.பி.ஜி. காற்றை விடக் கனம் என்பதால் அதைத் தரைக்கு அருகில் வைப்பார்கள். பெயரைப் பார்த்து வாங்குங்கள், மாற்றி வாங்கினால் பயனில்லை.

உங்கள் தெர்மோகப்பிள் உயிரோடு இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். பகலில், ஜன்னலைத் திறந்து வைத்து, ஹீட்டரை ஐந்து நிமிடம் எரியவிடுங்கள். பிறகு சிலிண்டரில் ரெகுலேட்டரை மூடுங்கள். சுடர் அணையும். காதைக் கொடுத்துக் கேளுங்கள்: ஒரு நிமிடத்துக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். அது காந்தம் விட்டு, வால்வு மூடும் சத்தம். வராவிட்டால் ஹீட்டர் குமிழையும் மூடிவிட்டு, மெக்கானிக் பார்க்கும் வரை தொடாதீர்கள். கேஸ் கசிவு என்றால் 1906க்கு எந்நேரமும் கூப்பிடலாம்.

மெக்கானிக் கொடைக்கானலிலிருந்துதான் வர வேண்டும், ஒரு வீட்டுக்காக வந்தால் வண்டிச் செலவே பெரிதாகிவிடும். ஹீட்டரோ கீசரோ வைத்திருப்பவர்கள் இந்த மாதத்துக்குள் செயலாளரிடம் வீட்டு எண்ணும் கருவியின் மாடலும் எழுதிக் கொடுங்கள். பத்து வீடு சேர்ந்தால் ஒரே நாளில் வரவழைத்து, செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். அந்தப் பங்குக் கணக்கை நான் எழுதித் தருகிறேன்.