அட்டையில் நிற்கும் சென்னை



பழைய கறுப்பு வெள்ளைப் பட அஞ்சலட்டைகளைத் தேடிச் சேர்ப்பதை வேலையற்றோர் பொழுதுபோக்கென்று நம்மவருட் பலர் எண்ணுகின்றனர். ஓலைச்சுவடி தேடி ஊரூராய் அலைந்த தாமோதரனாரையும் சாமிநாதரையும் பார்த்து அவ்வாறு எண்ணியோரும் அன்று இருந்திருப்பர். சுவடி தமிழன் தன் கையால் எழுதியது. அட்டையோ அயலான் தனக்கென எடுத்தது. வேறுபாடு பெரிதே. ஆயினும் அட்டையிலுள்ள தெரு நம் தெரு. அதில் நடப்போர் நம் பாட்டன் பாட்டியர்.

இந்நாட்டில் காலணா அஞ்சலட்டை 1879 சூலை முதல் நாள் வெளிவந்தது. அது ஏழையர்க்கும் எட்டிற்று. நலம் வினவவும் சாவு அறிவிக்கவும் அதில் தமிழ் ஓடிற்று. பட அட்டையின் கதை வேறு. 1900ஆம் ஆண்டையொட்டி, இன்று அண்ணா சாலை எனப்படும் பெருந்தெருவின் இக்கின்பாதம்சு புத்தகக் கடையாரும், வீல், கிளைன் என்னும் செருமானியர் இருவரின் நிழற்பட நிலையத்தாரும் சென்னைக் காட்சிகளை அட்டைகளாக்கி விற்றனர். அவற்றை வாங்கியோர் பெரும்பாலும் வெள்ளையர். சீமையிலிருந்த தம் உறவினர்க்கு விடுக்கவே வாங்கினர்.

ஆதலின் பெயரிட்டோரும் அவர்களே ஆயினர். கிரேக்க நிலநூலார் தாலமி குறித்த மயிலார்பா இதுவே என்று அறிஞர் கருதும் தொன்மூதூர் மயிலை. ஞானசம்பந்தர் பாடிய கபாலீச்சரம் அதன் நடுவே நிற்கின்றது. அட்டையின் அடியிலோ, ஒரு குளம், ஒரு கோயில், மதராசு என ஆங்கிலத்தில் மூன்று சொற்கள்! இதனினும் இழிவானதும் உண்டு. பெண்கள் வரிசையாய் அமர்ந்து ஒருவர் தலையில் மற்றவர் பேன் பார்க்கும் காட்சியை அச்சிட்டு, அதற்கு 'மதராசு வேட்டை' என்று பெயர் சூட்டி விற்றனர். வெள்ளைத் துரைமார் நடத்திய வேட்டைக் குழுவின் பெயரை ஏழைப் பெண்கள் மேல் ஏற்றிச் செய்த எள்ளல் அது. அப்பெண்கள் யாவர், எத்தெருவினர் என ஒரு சொல்லும் இல்லை. இத்தகைய அட்டையைக் கிழித்தெறிவோமா என்பார் உளர். கூடாது, அதுவே சான்று.

இனி, அட்டையின் காலத்தை அறியும் வகையைக் கேளுங்கள். பின்புறம் முகவரிக்கு மட்டும் இடமிருந்து, செய்தி படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதப்பட்டிருப்பின் அது மிகப் பழையது. பின்புறத்தை இரண்டாகப் பகுத்து எழுதுவதற்குப் பிரித்தானிய அரசு 1902இல்தான் இசைந்தது. ஏழாம் எட்வர்டின் அஞ்சல்தலை 1902 முதலும், ஐந்தாம் சார்சின் அஞ்சல்தலை 1911 முதலும் இங்கு வழங்கின. 'கறுப்பர் நகரம்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் 1906க்கு முந்தையது. அவ்வாண்டில்தான் இளவரசர் வருகையை முன்னிட்டு அவ்வசைப்பெயர் சார்சு நகரம் என மாறிற்று. (வசை நீங்கிற்று, வந்த பெயரும் தமிழன்று.) கபாலீச்சரத்தின் கீழைப் பெருங்கோபுரம் எழுந்ததும் 1906இல்தான், கோயில் முழுதும் தெரியும் படத்தில் அது காணப்படாவிடின் காலம் தெளிவு. உருப்பெருக்கியால் நோக்குங்கால் நுண்புள்ளிகள் தோன்றின் அது அச்சுப்படம். தோன்றாவிடின் மெய்யான நிழற்படத்தாளாக இருக்கலாம்.

இவையெல்லாம் எதற்கு? தியாகராயர் நகரை எடுத்துக்கொள்ளுங்கள். நுங்கம்பாக்கம் முதல் மாம்பலம் வரை நீண்டு கிடந்த நெடிய ஏரியைத் தூர்த்து 1920களில் எழுந்த பகுதி அது. நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் பெயர் அதற்குப் பொருந்தியதே, குறை சொல்வதற்கில்லை. எனினும் மேற்கு மாம்பலத்தில் ஏரிக்கரையின் பெயரை ஆங்கிலத்தில் சுமக்கும் தெருவன்றி அந்நீர்ப்பரப்பை இன்றைய பிள்ளைகளுக்கு எதைக் கொண்டு காட்டுவது? மழைநாளில் வெள்ளம் வீட்டுக்குள் புகுங்கால் மட்டும் ஏரி தன்னை நினைவூட்டுகின்றது. அவ்வேரி தோன்றும் அட்டை ஒன்று கிடைப்பின் நூறு சொற்பொழிவுக்கு நிகர். அடையாற்று ஆலமரத்தின் தாய்மரமும் 1989இல் காற்றில் சாய்ந்தது. அதன் பழந்தோற்றமும் அட்டைகளில்தான் உள்ளது.

இவ்வட்டைகளை வைத்து 2018இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் கீழையியல் கல்லூரியில் மதராசு, பெங்களூர் நகரங்களைப் பற்றிய கண்காட்சியே நடந்தது. அங்கு ஆய்ந்தவர்கள் ஆங்கிலேயரும் பிறருமே. அவர்கள் உழைப்புக்கு நன்றி கூறுவோம். ஆனால் படத்திலுள்ள தெருவின் தமிழ்ப்பெயரை இலண்டனில் யாரைக் கேட்பது? மாட வீதியில் அறுபது ஆண்டு வாழ்ந்த மூதாட்டியைத்தான் கேட்கவேண்டும். அவரும் எத்தனை நாள் இருப்பார்?

அட்டை கிடைத்தால் பசையிட்டு ஒட்டாதீர்கள். அதன்மேல் மையால் எழுதாதீர்கள். தனித்தாளில் இடம், தெரு, கட்டடம், தொழில் ஆகியவற்றின் பெயர்களைத் தமிழில் எழுதி உடன் வையுங்கள். 1639இல் ஆங்கிலேயர் நிலம் பெற்ற நாளென்று ஆகத்து 22ஐச் சென்னையின் பிறந்தநாளாக 2004 முதல் கொண்டாடி வருகின்றனர். மயிலை அதற்கு முன்பே பிறந்தது என்பதை அங்கு வைக்கும் படங்களின் கீழ்த் தமிழில் எழுதிக் காட்டுவோம். மயிலையார் குளக்கரையிலிருந்தும், மாம்பலத்தார் ஏரிக்கரைத் தெருவிலிருந்தும் தொடங்கலாம்.