சிதறிய குரல்களைச் சேர்த்தவர்



பாடசாலைப் பாடகர் குழுவில் சொப்ரானோ, அல்ட்டோ எனப் பிரிந்து நின்று பாடியவர்கள் நம்மில் பலர். நம் கைத்தாளில் எல்லாக் குரல்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தேவாலயப் பாடகர்களுக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு குரலுக்கும் தனிப் புத்தகம். அதில் மற்றக் குரல்கள் இரா, தாளத்தைப் பிரித்துக் காட்டும் கோடுகளும் இரா. காலப்போக்கில் அப்புத்தகங்கள் சிதறின. கேம்பிரிட்ஜ் பீற்றர்ஹவுஸ் கல்லூரியில் ஐந்து புத்தகங்கள் கொண்டிருந்த ஒரு தொகுதியில் தெனர் குரலுக்குரியது இன்று இல்லை. ஒன்று தொலைந்தால் பாட்டே ஊனமாகிவிடும்.

இவற்றைத் தேடித் தொகுத்துப் பதிப்பிக்கும் பணிக்குக் கார்னெகி அறக்கட்டளை பொருளுதவி செய்தது. பதிப்பாசிரியர் ஐவர். அவர்களுள் ஒரே பெண் சில்வியா டவுன்சென்ட் வார்னர். 1917இல் பணியில் சேர்ந்தபோது அவருக்கு வயது 23. வீட்டிலேயே கல்வி கற்றவர். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரல்லர். பழைய கையெழுத்துப் பிரதிகளைப் படிப்பது, ஒன்றோடொன்று ஒப்பிடுவது, எழுதியவர் விட்ட பிழையைக் கண்டுபிடிப்பது, தனித்தனிக் குரல்களை ஒரே பக்கத்தில் சேர்த்தெழுதுவது என்று ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் உழைத்தார்.

1922 முதல் 1929 வரை ‘டியூடர் சேர்ச் மியூசிக்’ என்ற பத்துப் பெருந்தொகுதிகளை ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. தாவர்னர், தாலிஸ், பேர்ட், கிபன்ஸ் ஆகியோரின் இசை மீண்டும் பாடகர் கைக்கு வந்தது. பின்வந்த அறிஞர்கள் மேலும் திருத்தமான பதிப்புகளைத் தந்தனர். ஆனால் வழியை வெட்டியவர்கள் இவர்களே. 1926இல் ‘லொலி வில்லோஸ்’ நாவல் வெளிவந்தபின் உலகம் வார்னரை எழுத்தாளராகவே அறிந்தது. இசைக்கு அவர் செய்த தொண்டு பின்னுக்குப் போயிற்று.

சகோதரிகளே, இதை நூற்றாண்டு விழாவில் சொல்லக் காரணம் உண்டு. போரிலும் இடப்பெயர்விலும் நாம் இழந்த ஏடுகள் பல. எஞ்சிய பாடல் தாள்களும் நாடகப் பிரதிகளும் இலண்டன், ரொறன்ரோ, சிட்னி வீடுகளில் பெட்டிக்குள் கிடக்கின்றன. ஒருவரிடம் மெட்டு, இன்னொருவரிடம் சொற்கள். அவற்றைப் பிரதி எடுத்து, ஆண்டையும் பாடியவர் பெயரையும் குறித்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். நினைவில் மட்டும் உள்ள பாட்டைப் பாடிப் பதிவுசெய்து அனுப்புங்கள். சேர்த்தெழுத இளைய மாணவிகள் இருக்கிறார்கள். மூத்த அக்காமார் நம்மோடு இருக்கும்போதே இதைச் செய்வோம்.