கைமாறிய விளக்கு



ஒளி என்னும் சொல் கவிஞர்க்கு எளிதில் கைவருவது. ஏழையர் வாழ்வில் ஒளியேற்றுவோம் என்று முழங்காத கவியரங்கம் அரிது. அச்சொல்லுக்கு உரிய விலை என்ன என்பதை ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்வு உணர்த்துகிறது.

1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்த அவர், கிறித்தவ மருத்துவத் தொண்டர் மரபினர். எனினும் அத்தொண்டை ஏற்க மனமின்றி, அமெரிக்க வாழ்வையே விரும்பினார். 1890-களின் தொடக்கத்தில், நோயுற்ற தாய்க்குத் துணையாகத் திண்டிவனத்தில் தங்கியிருந்தபோது, ஓரிரவில் மூவர் அடுத்தடுத்து வந்தனர். மூவர் மனைவியரும் பேறுகால வேதனையில் துடித்தனர். மருத்துவரான தம் தந்தையை அழைத்துச் செல்லுமாறு ஐடா வேண்டினார். சமயமும் சாதியும் வேறாயினும் மறுமொழி ஒன்றாகவே இருந்தது: ஆடவர் தொடலாகாது. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை.

அன்றிரவு ஐடாவிடம் இரக்கம் இருந்தது, இறைநம்பிக்கையும் இருந்தது. மருத்துவக் கல்வி இல்லை. கல்லாத இரக்கம் கையற்று நிற்கும் என்பதை அவர் கண்டுகொண்டார். 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-இல் தமிழகம் திரும்பினார். 1902-இல் வேலூரில் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. அங்கு வர இயலாத ஏழையரை நாடி, குடியாத்தம் சாலையின் மரநிழல்களுக்கே மருந்துப் பெட்டியுடன் சென்றார்.

ஒருவர் மட்டுமே ஏந்தும் விளக்கு அவரோடு அணையும். ஆதலால் 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். பெண்களால் இயலுமா என்று ஐயுற்றோர் உண்டு. 1922-இல் 14 பெண்கள் மருத்துவராகத் தேறி, அவ்வையத்திற்கு விடை கூறினர்.

அப்பள்ளியே பின்னர்க் கல்லூரியாக வளர்ந்தது. அங்கே பயின்றவர் மேரி வர்கீஸ். 1954-இல் நேர்ந்த விபத்தில் கால்கள் செயலிழந்த பின்னும், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் முடங்கிய கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். ஐடா அம்மையார் 1960-இல் மறைந்தார், விளக்கு மறையவில்லை.

விளக்கை மரக்காலால் மூடாதே என்பது கிறித்தவ மறையின் அறிவுரை. அதை உயர்த்திப் பிடிப்பதோடு ஐடா நிற்கவில்லை. மற்றவர் கையில் கொடுத்தார். இருளில் இருப்போருக்கு வெளிச்சம் காட்டுவது கருணை. அவர்தம் மக்களே விளக்கேந்துமாறு செய்வது நீதி.

ஒளியைப் பாடும் கவிஞர், திண்டிவனத்தில் விடியலைக் காணாத அம்மூவரையும் நினைத்துப் பாடுக. அப்போது அச்சொல் வெறும் அணியாக நில்லாது, கடமையாகும்.